கல்லடியில மாசாமாசம் வெட்டி எறியிற 40 பேர்ச்சஸ் புல்லு, ஊர்த் தோட்டமாக்கினா என்ன? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க

கல்லடிப்பூவரசு
2024 ஜூன் 9, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில எங்கட பக்கம் ஒரு பல்தேவைக் கட்டடம் கிடக்கு, சுனாமிக்குப் புறகு ஒரு வெளிநாட்டு நிறுவனம் கட்டித் தந்தது. முன்னுக்கு கூட்டம் நடக்கும், கலியாணவீட்டுச் சாப்பாடு நடக்கும், பின்னுக்கு 40 பேர்ச்சஸ் (கால் ஏக்கர்) வெறும் புல்லு. கட்டினவங்க அப்ப லோன் (புல்வெளி) மாதிரி சோக்காத்தான் புல்லுப் பதிச்சுக் குடுத்தவங்க, இப்ப அதுல அறுகும் கோரையும் தொட்டாச்சிணுங்கியும்தான் மிச்சம். மாசத்துக்கொருக்கா ஊர்ச் சங்கக் காசுல மெசின்காரனுக்கு 3500 ரூபா குடுத்து வெட்டுறம், வெட்டின புல்லக் குப்பை லொறி ஏத்திக்கிட்டுப் போகுது.

வைகாசிச் சடங்கு முடிஞ்ச கையோட சங்கக் கணக்குக் கொப்பியப் பாத்தன். வருசத்துக்கு 42,000 ரூபா! புல்லு வளரவும் வேணாம் வளராமலும் இருக்கவும் வேணாம் எண்டு நாங்க குடுக்கிற காசு இது. அதே கிழமை சந்தைக்குப் போனன், கொச்சிக்கா (மிளகாய்) கால் கிலோ வாங்கப் போய் நூறு கிராமோட திரும்பி வந்தன். அப்பதான் யோசிச்சன், அந்தப் புல்லுத் தரையில ஊர்ச்சனம் சேந்து கத்தரி வெண்டி பயித்தை போட்டா என்ன எண்டு.

கிணறு ஒண்டு கிடக்கு, பாவிக்கிறல்ல. மண் எண்டா சரியான மணல். வேலி அரைவாசிதான். ஆராவது இப்பிடி செஞ்சு பாத்திருக்கீங்களா? புல்லை எப்பிடி இல்லாமலாக்கிற? ஆருக்கிட்ட பெர்மிசன் எடுக்கிற? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா எழுதுங்க.


கச்சான்காத்து
2024 ஜூன் 9, இரவு 9:40

மச்சான் லோன் எண்டதும் பேங்கில கடன் எடுத்துத் தோட்டம் செய்யப் போறாயாக்கும் எண்டு நினைச்சு ஓடி வந்தன். ஹாஹா. சரி கேக்கிறன், பின்னேரத்துல அதுக்குள்ள பொடியன்மார் கிரிக்கெட் அடிக்கிறானுகளே, அவனுகளுக்கு என்ன சொல்லப்போறாய்? கவர் டிரைவ் அடிச்சா பூசணிக்காய்க்கு நாலு ரன் எண்டா? முதல் ரெண்டு கிழமை எல்லாரும் மண்வெட்டியோட போட்டோ எடுப்பாங்க, மறுகா நீயும் உன்ர பூவாளியும்தான். எழுதி வை.


களுதாவளை மருமகள்
2024 ஜூன் 10, காலை 6:05

தம்பி மணல் எண்டு பயப்பிடாதீங்க. நான் கலியாணம் கட்டி வந்த ஊரே மணல் ஊர்தான், இஞ்ச கத்தரி மிளகாய் வெத்திலை எல்லாம் இந்த மணல்லதான் விளையுது, லொறி லொறியா வெளியூருக்குப் போகுது. மணலுக்கு ரெண்டு குணம், ஊத்தின தண்ணி நிக்காது, போட்ட உரமும் நிக்காது. அதனால ஒரேயடியா கொட்டாம ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா, அடிக்கடி.

என்ர மாமி சொல்லுவா, மண்ணுக்கு முதல்ல சோறு போடு, மறுகா அது உனக்குப் போடும் எண்டு. மாட்டெரு காஞ்சது, ஆட்டெரு, கோழியெரு எண்டா நல்லா மக்கினது மட்டும் (பச்சையாப் போட்டா கன்று கருகிப் போகும்), தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்), கிளிசரியா இலை. வாவியில கிடக்கிற ஆத்துவாழையையும் (ஆகாயத்தாமரை) வாரிக் காயவைச்சுக் குவிக்கலாம், வேரை வெட்டிப்போட்டு நல்லாக் காய விட்டுத்தான் குவிக்கணும், இல்லாட்டி முளைச்சிரும். நீங்க குப்பை லொறிக்குக் குடுக்கிற புல்லு இரிக்கே, அத முதல்ல நிப்பாட்டுங்க! காசு குடுத்து வெட்டி காசில்லாமக் குடுக்கிறீங்க, அதுதான் உங்கட கூட்டெரு.

இன்னொண்டு. புத்தகத்துல எல்லாம் மேட்டுப்பாத்தி எண்டு போட்டிருப்பாங்க. மணல்ல கோடைக்கு மேட்டுப்பாத்தி போட்டா ரெண்டு பக்கத்தாலயும் காஞ்சு போகும். கோடைக்குக் குழிப்பாத்தி, தரையை விட அரைச்சாண் தாழ. மாரிக்கு மேடு. நாங்க வருசத்துக்கு ரெண்டு தரம் மாத்துறது, முதுகு முறியுந்தான், ஆனா வேற வழியில்ல.


பழைய போதனாசிரியர்
2024 ஜூன் 10, இரவு 8:31

விவசாயப் போதனாசிரியரா இருந்து பென்சன் எடுத்தவன் நான், அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளுங்க. மேல தங்கச்சி சொன்னது எல்லாம் சரி, நான் கணக்கை மட்டும் சொல்றன்.

40 பேர்ச்சஸ் எண்டா கால் ஏக்கர், ஆயிரம் சதுர மீட்டர் மட்டும் வரும். முழுசையும் கிண்டாதீங்க, அதுதான் முதல் பிழை. நாலடி அகலம் இருபதடி நீளத்துல 18 பாத்தி போடுங்க, அது 130 சதுர மீட்டர் சொச்சம்தான். நாலடி ஏன் எண்டா ரெண்டு பக்கமும் நிண்டு கை எட்டும், பாத்திக்குள்ள கால் வைக்கத் தேவையில்ல. மிச்ச இடத்துல பொடியன்மார் விளையாடட்டும். மரக்கறிக்கு சேதனப் பசளை ஹெக்டேயருக்கு 10 தொன் எண்டுதான் திணைக்களம் சொல்றது, அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. உங்கட மணலுக்கு ரெண்டு கிலோவாப் போட்டாலும் 260 கிலோ, பத்துப் பதினொரு உரப்பை மாட்டெரு. பெரிய காரியமில்ல.

பெரிய காரியம் தண்ணி. கச்சான் காத்து (கோடையில தென்மேற்கால வாற வறண்ட காத்து) அடிக்கிற மாசங்கள்ல சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 5 லீட்டர் மட்டும் வேணும். 130 சதுர மீட்டருக்கு 650 லீட்டர். பத்து லீட்டர் பூவாளியால 65 தரம். நாள் தவறாம. எங்களுக்கு வருசத்துக்கு 1600 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுதுதான், ஆனா பெரும்பகுதி ஐப்பசியில இருந்து தைக்குள்ள கொட்டித் தீத்துரும், மிச்ச மாசமெல்லாம் கிணறுதான். 65 பூவாளி ஆரு தூக்கிற எண்டு பேர் பேராச் சொல்ல ஏலுமெண்டா தோட்டம் செய்யுங்க. ஏலாட்டி மாரிக்கு மட்டும் போட்டுட்டு கோடைக்கு முருங்கையும் மரவள்ளியும் விட்டுட்டு இருங்க, அதுல வெக்கமில்ல.

கிணத்தைப் பாவிக்க முந்தி ஒரு போத்தல் தண்ணி கொண்டுபோய் ஈ.சி (தண்ணியில உப்பு எவ்வளவு எண்டு காட்டுற அளவு) பாருங்க. டெசிசீமென்ஸ் கணக்குல 0.7க்குக் கீழ எண்டா எதையும் போடலாம், 3ஐத் தாண்டினா மரக்கறியை மறந்துருங்க. நடுவுல வந்தா போஞ்சி மாதிரி உப்புத் தாங்காததை விட்டுட்டு மத்ததைப் பாக்கலாம். கடற்கரைப் பக்கக் கிணத்துல நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்கிறது, பெரிய மோட்டர் போட்டு உறிஞ்சினா கீழ கிடக்கிற உப்பு மேல ஏறும். 2004க்குப் புறகு கிணறு துப்பரவாக்கிறம் எண்டு இறைச்சு இறைச்சே கனக்க கிணத்துல உப்பைக் கூட்டினம், அது நாங்க பட்டுப் படிச்ச பாடம். சின்ன மோட்டர், மெதுவா இறைச்சுத் தொட்டியில விட்டு எடுக்கிறதுதான் நல்லம். தொட்டியை மூடி வையுங்க, இல்லாட்டி நுளம்பு முட்டை போட்டு பீ.எச்.ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிப்பார்.

புல்லு: அறுகைக் கிண்டி எடுக்கலாம். கோரைக்குக் கிழங்கு கீழ கிடக்கு, கிண்டினா கிழங்கு துண்டாகி இன்னும் கூடும். நல்ல வெயில் மாசத்துல புல்லை ஒட்ட வெட்டி, நனைச்சு, கறுப்புத் தறப்பாளால ஆறு கிழமை மூடி வையுங்க. அறுகு செத்துரும். கோரை பாதி சாகும், மிச்சத்தை வாறவருசமும் அதுக்கடுத்த வருசமும் கையால இழுக்க வேண்டியதுதான்.


நிந்தவூரான்
2024 ஜூன் 11, பகல் 1:20

ஐயா சொன்ன 65 பூவாளிக் கணக்க வாசிச்சதும் நெஞ்சுக்குள்ள குத்தின மாதிரி இரிந்திச்சு. எங்கட கதையச் சொல்றன், ஊர்ப்பேர் இடப்பேர் வேணாம்.

2022ல சாமான் தட்டுப்பாடு உச்சத்துல நிண்ட நேரம், முந்தின வருசம் மே மாசம் இரசாயன உரத்த நிப்பாட்டி நவம்பர்ல கைய விட்ட கூத்தெல்லாம் முடிஞ்சு, ஜூன்ல அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்து வீட்டுல தோட்டம் செய்யுங்க எண்டு சொன்னாங்களே, அந்தக் காலம். நாங்களும் ஒரு கட்டடத்துப் புல்லுத் தரைய எடுத்து தோட்டம் துவங்கினம். முதல் நாள் நாப்பது பேர். வாழைப்பழம், பிளேன்டீ, பெரிய ஆக்கள் வந்து ஆளுக்கொரு கன்று நட்டாங்க, போட்டோ எல்லாம் பேஸ்புக்குல. ரெண்டாங்கிழமை பதினெட்டு. மூணாம் மாசம் நான், இன்னொரு நானா (அண்ணன்), காவலாளி. அதுல காவலாளிக்கு சம்பளம்.

நல்லாத்தான் காய்ச்சிச்சு, பொய் சொல்லக்கூடா. பிரச்சினை காய்ச்ச பிறகுதான். எல்லாருக்கும் பொது எண்டதால ஊத்தினவன் வாறத்துக்கு முன்னால ஊத்தாதவன் பிடுங்கிட்டுப் போனான், அவனுக்கும் உரிமை இரிக்கிதானே. தண்ணி ஊத்தின நானாவுக்கு வெறுத்திட்டு. கடைசியா என்னத்துல முடிஞ்ச தெரியுமா? மோட்டர் ரூம் திறப்பு ஒருத்தர்ட்ட மட்டும் இரிந்திச்சு. அவர் கட்டாருக்குப் போயிட்டார், திறப்பும் போயிட்டு. பூட்ட உடைக்கணுமா வேணாமா எண்டு கூட்டம் போட்டுப் பேசி முடிக்கக்குள்ள ரெண்டு கிழமை, வெண்டி எல்லாம் குச்சி.

அதனால தம்பி, நிலம், விதை எல்லாம் புறகு. ஒரு பாத்திக்கு ஒரு ஆள், பேர் எழுதி பலகை நடுங்க. திறப்பு மூணு வெட்டுங்க.


ஸ்கார்பரோ மீன்பாடி
2024 ஜூன் 11, இரவு 11:55

ஊரில இருந்து 1990ல வெளிக்கிட்ட ஆள் நான், பிறந்தது புளியந்தீவு, இப்ப கனடா. நிந்தவூர் நானா சொன்னதுதான் இஞ்சயும் முறை. பார்க் பக்கத்துல துண்டு துண்டாப் பிரிச்சு நம்பர் போட்டு வருசத்துக்கு ஒரு கட்டணத்துக்குக் குடுக்கிறாங்க. நான் என்ர துண்டு கிடைக்க வரிசையில நாலு வருசம் நிண்டன், நம்புவீங்களோ தெரியா. கவனிக்காம புல்லு மண்டவிட்டா முதல்ல ஒரு கடிதம் வரும், திருந்தாட்டி அடுத்த ஆளுக்குப் போயிரும், முகம் பாக்கிறல்ல. எங்களுக்கு மே மாசக் கடைசியில இருந்து ஒக்டோபர் வரைக்கும்தான் மண் கிடைக்கிறது, அதுக்குள்ள வெண்டி, பாகல், பயித்தை, முளைக்கீரை எல்லாம் போட்டு எடுத்துருவம். பக்கத்துத் துண்டு சீனாக்காரக் கிழவி, பாகல் கொடி வழியாத்தான் எங்களுக்குள்ள பழக்கமே வந்த.

இஞ்சத்துச் சனத்துக்குப் புல்லுத் தரை எண்டா ஒரு மானப் பிரச்சினை. வீட்டுக்கு முன்னால புல்லு நீண்டா நகரசபையில இருந்து நோட்டீஸ் வரும். ஆனா கஷ்டம் வந்த நேரமெல்லாம் இவங்களும் புல்லைக் கொத்தித்தான் இருக்கிறாங்க. ரெண்டாம் உலக யுத்தத்துல இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா எல்லா இடமும் பூங்கா, வீட்டு முற்றம் எல்லாத்துலயும் மரக்கறி போட்டவங்க, 1943ல வெள்ளை மாளிகை வளவுலயே போட்டவங்க. மறுகா 2009ல ஒபாமாட மனுசியும் அதே மாளிகையின்ர தெற்குப் புல்லுத் தரையில 1100 சதுர அடி கொத்தித் தோட்டம் வைச்சா. கியூபாவுல 1991ல சோவியத் விழுந்து எண்ணெயும் உரமும் வராமப் போக, ஹவானா நகரத்துக்குள்ள வெறுங்காணி எல்லாத்துலயும் பாத்தி கட்டினவங்க, அது இண்டைக்கும் நடக்குது. எங்களுக்கு 2022ல வந்த நிலைமையும் அதுதானே.


கச்சான்காத்து
2024 ஜூன் 12, காலை 7:15

வெள்ளை மாளிகை எண்டா காணிப் பிரச்சினை இல்லண்ணே. கல்லடியில ஒரு அடி மண்வெட்டி போட்டுப் பாருங்க, நாலு சங்கமும் ஒரு கோயில் வண்ணக்கரும் (தர்மகர்த்தா) காணி உறுதியோட வருவாங்க.


தம்பிலுவில் தம்பி
2024 ஜூன் 12, பகல் 12:48

ஒருத்தரும் மாட்டைப் பத்திப் பேசல்லயே?? கட்டாக்காலி மாடு! எங்கட பக்கம் ஒரு பாடசாலைத் தோட்டம், பிள்ளையள் மூணு மாசம் பாத்துப் பாத்து வளத்தது, ஒரே ராவுல ஆறு மாடு புகுந்து விடியக்குள்ள வெறுந்தரை. கேற்றைப் பூட்டாமப் போன ஆள் ஆரு எண்டு இண்டைக்கும் தெரியா.

பெரும்போகம் துவங்கக்குள்ள வயலுக்குள்ள மாட்டை விடேலாது, மேய்ச்சல் தரைக்குக் கொண்டு போகணும், மேய்ச்சல் தரையிலயும் காணித் தகராறு கிடக்கு, அதனால கனக்க மாடு ரோட்டுலயும் ஊருக்குள்ளயும்தான். நீங்க மாரிக்கு நடப் போற நேரமும் அதுதான். அதனால அண்ணன் கன்று வாங்கிற காசை முதல்ல வேலிக்குப் போடுங்க. கொங்கிறீட் கட்டை வாங்க ஏலாட்டி பூவரசங்கட்டையும் கிளிசரியாக் கட்டையும் நெருக்கி ஊண்டி முள்ளுக்கம்பி நாலு வரி இழுங்க, மழைக்கு ரெண்டும் துளிர்த்து நிக்கும், கிளிசரியாட குழை பாத்திக்கு, பூவரசு உங்கட பேருக்கு :)


நாவலடிக்காரி
2024 ஜூன் 13, இரவு 10:22

நான் இதுல எழுதிறல்ல, வாசிக்கிறது மட்டும். தம்பி நீங்க சொல்ற கட்டடம் எது எண்டு எனக்கு விளங்கிட்டு. சும்மா கிடக்கிற புல்லு எண்டு எழுதியிருக்கீங்க. அந்தப் புல்லுக்குக் கீழ நாலு வீட்டு அத்திவாரம் கிடக்கு. கிணத்தடியில இருந்தது என்ர பெரியம்மாட வீடு. சுனாமிக்குப் புறகு மிச்சமிருந்தவங்க உள்ளுக்கு வீட்டுத்திட்டத்துக்குப் போயிட்டாங்க, காணியைச் சங்கத்துக்கும் கோயிலுக்கும் விட்டுட்டாங்க.

வேணாம் எண்டு சொல்ல வரல்ல. பெரியம்மா அந்தக் கிணத்தடியில கங்குன் கீரையும் பொன்னாங்காணியும் போட்டு வைச்சிருப்பா, முருங்கை ஒண்டு வேலியோட நிண்டது, கேட்ட ஆக்களுக்கெல்லாம் முறிச்சுக் குடுப்பா. புல்லுப் பதிக்க முந்தி அது தோட்டந்தான். கிண்டக்குள்ள ஓடு, கண்ணாடி, தரைக்கல்லு எல்லாம் வரும், பிள்ளையளைச் செருப்பில்லாம விடாதீங்க. அவ்வளவுதான்.


கல்லடிப்பூவரசு
2024 ஜூன் 13, இரவு 11:03

அக்கா மன்னிச்சிருங்க. எனக்கு அப்ப ஏழு வயசு, நாங்க அந்த நேரம் வந்தாறுமூலையில இருந்தம், இஞ்ச வந்ததே புறகுதான். சும்மா கிடக்கு எண்டு இனிச் சொல்ல மாட்டன். துவங்கினா முதல் முருங்கைத் தடி கிணத்தடியில ஊண்டுறது நீங்களா இருக்கணும், வருவீங்களா?


நாவலடிக்காரி
2024 ஜூன் 14, காலை 5:50

பாப்பம்.


கல்லடிப்பூவரசு
2024 ஆகஸ்ட் 18, இரவு 8:10

ரெண்டு மாசமா ஒண்டும் எழுதல்ல, செத்துப்போனன் எண்டு நினைச்சிருப்பீங்க. கடிதம் எழுதி எழுதியே போச்சு. ஜீ.எஸ்ஸை (கிராம அலுவலர்) பாத்து, பிரதேச செயலகத்துல காணி விவரம் எடுத்துப் பாத்தா 40 பேர்ச்சஸ்ல 25தான் சங்கத்துர, மிச்சம் 15 கோயிலுர! கச்சான்காத்து உன்ர வாய்க்குச் சீனி போடணும்டா.

வண்ணக்கர்மாரைப் போய்க் கண்டம். ஒரு மணித்தியாலம் பழைய கதை, மறுகா மூணு நிபந்தனை. ஒண்டு, வேலியோரம் முழுக்கப் பூசைக்குச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நடணும். ரெண்டு, சடங்கு நடக்கிற நாளெல்லாம் அந்தப் பக்கம் வாகனம் நிப்பாட்ட இடம் விடணும். மூண்டு, கோயில் பங்குக்குள்ள மீன் கழுவின தண்ணி ஊத்தக் கூடாது! இது ஏன் வந்த எண்டா எங்கட மாமி ஒராள் கூட்டத்துலயே எழும்பி மீன் தண்ணி ஊத்தினா கொச்சிக்கா நல்லாக் காய்க்கும் எண்டு சொல்லிட்டா. சங்கத்துப் பக்கம் மீன் தண்ணி, கோயில் பக்கம் மாட்டெரு எண்டு முடிவாச்சு.

எழுத்துல மூணு வருசத்துக்கு வாங்கியிருக்கம். தண்ணி ஈ.சி 0.9, ஐயா சொன்ன நடு இடம். புல்லு வெட்டுற காசை நிப்பாட்டி அதுல தறப்பாளும் கம்பியும் வாங்க சங்கம் ஓம் எண்டுட்டு, ஆனா பொருளாளர் இன்னும் முகத்தை நீட்டிக்கொண்டுதான் திரியிறார், புல்லு எண்டா பாக்க வடிவு, தோட்டம் எண்டா குப்பை மாதிரிக் கிடக்குமாம்.


பழைய போதனாசிரியர்
2024 ஆகஸ்ட் 19, காலை 9:02

0.9 எண்டா நல்லம். விதைக்கு வீரிய இனம் வாங்காதீங்க, அதுல எடுத்த விதை அடுத்த தரம் தாய் மாதிரி வராது, ஒவ்வொரு தரமும் காசு குடுக்கணும். திணைக்களத்து வெண்டி ஹரிதா, கத்தரிக்கு திண்ணவேலி ஊதா மாதிரி விதை எடுக்கக்கூடிய இனமாப் பாருங்க. கரடியனாறுப் பக்கம் போனா விசாரிச்சு வரலாம். பொருளாளரின்ர கதையும் முழுக்கப் பிழையில்ல, காஞ்ச செடியைப் பிடுங்காம விட்டா அசிங்கமாத்தான் கிடக்கும். பாத்திக்கு நடுவுல நடைபாதைக்கு உமி போடுங்க, வடிவாவும் இருக்கும் புல்லும் குறையும்.


கல்லடிப்பூவரசு
2024 ஒக்டோபர் 20, இரவு 7:44

தறப்பாள் எடுத்தம்! செப்டெம்பர் வெயிலுக்கு அறுகு வைக்கோல் மாதிரிக் கிடந்த. கோரை எண்டா தறப்பாளையே குத்தி வெளிய வந்து நிக்கிறான் ஐயா, ஊசி மாதிரி. என்ன சாதியோ.

கிண்டக்குள்ள நாவலடி அக்கா சொன்ன மாதிரியே ஓட்டுத்துண்டு, சீமெந்து, ஒரு பச்சை நிறத் தரைக்கல்லு, பிள்ளையள்ர பிளாஸ்டிக் சாமான். ஒருத்தரும் சரியாக் கதைக்கல்ல அண்டைக்கு. அத்திவாரம் வந்த இடத்துல பாத்தி போடாம விட்டுட்டம், அதுக்கு மேல மண் போட்டு பந்தல் கால் நட்டாச்சு, புடோலும் பாகலும் ஏத்தப் போறம். கல்லையெல்லாம் கிணத்தடியில கட்டா அடுக்கியிருக்கு.

14 குடும்பம், 18 பாத்தி. நாலு பாத்தி பொது, அது முன்பள்ளிக்குக் கஞ்சிக்கு. மாசம் 200 ரூபா, மோட்டர் கரண்டுக்கு. திறப்பு மூணு வெட்டியாச்சு நானா! பலகையில பேர் எழுதியாச்சு. பொடியன்மாருக்கு வடக்குப் பக்கம் பிச் விட்டிருக்கு, பந்து பாத்திக்குள்ள விழுந்தா எடுக்கப் போறவன் ஒரு பூவாளி தண்ணி ஊத்தணும் எண்டு சட்டம்.


கச்சான்காத்து
2024 ஒக்டோபர் 20, இரவு 8:01

அந்தச் சட்டம் ஆரு போட்ட? ஐ.சி.சிக்கு அனுப்புங்க. (14 குடும்பத்துல ஒண்டு நான் எண்டு இவன் சொல்லல்ல பாத்தீங்களா. மனுசி பேர் குடுத்துட்டா, நான் என்ன செய்ய.)


கல்லடிப்பூவரசு
2024 நவம்பர் 29, பகல் 3:30

எல்லாம் போச்சு. நாலு நாளா விடாத மழை, அம்பாறைப் பக்கம் இதை விட மோசம் எண்டு கேள்விப்பட்டம், தம்பிலுவில் தம்பி, நிந்தவூர் நானா சுகமா இருக்கீங்களா? எங்களுக்கு வெள்ளம் எண்டு ஓடி வரல்ல, கிணறு நிரம்பி தரைக்குக் கீழ இருந்தே தண்ணி பொங்கி மேல வந்த, பாத்திக்கு மேல அரையடி. மிளகாய்க் கன்று முழுக்கத் தலை தொங்கிட்டு. மரவள்ளித் தடி அழுகிற மணம். நாத்து மேடை எங்க இருந்த எண்டே தெரியல்ல. கட்டடத்துக்குள்ள 30 குடும்பம் தங்கியிருக்கு, அவங்களுக்குச் சமைக்கத் தோட்டத்துல இருந்து கிடைச்சது கங்குன் மட்டும்தான்.


நிந்தவூரான்
2024 நவம்பர் 30, காலை 10:12

நாங்க சுகம் தம்பி, வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, இப்ப இறங்கிட்டு. தோட்டத்த விட்டுறாதீங்க.


களுதாவளை மருமகள்
2024 நவம்பர் 30, இரவு 7:20

தம்பி, மணலுக்கு இதுதான் அடுத்த குணம், தண்ணி வாறதும் கெதி போறதும் கெதி. தண்ணி வத்தினதும் நாலு நாள் கால் வைக்காதீங்க. போட்ட எருவெல்லாம் கழுவிட்டுப் போயிருக்கும், அதனால திரும்ப ஒரு வாட்டி போடணும், கோபப்பட்டாப்போல வராது. இப்ப மார்கழி, தை முழுக்க ஈரம் கிடக்கும், முளைக்கீரை, பயித்தை, வெண்டி, கெக்கரி எல்லாம் திரும்பப் போடலாம். எங்கட வீட்டுல கத்தரிக் கன்று கொட்டில்ல மேல வைச்சதால தப்பியிருக்கு, 200 மட்டும் தாறன், ஆராவது பஸ்ஸுல வந்து எடுங்க. காசு வேணாம், காய்ச்சா ரெண்டு பேர் வந்து எங்கட வெத்திலைத் தோட்டத்துக்குப் பந்தல் கட்டித் தாங்க.


கல்லடிப்பூவரசு
2025 பெப்ரவரி 23, இரவு 9:00

ரெண்டாந்தரம் போட்டது பிடிச்சிட்டு. களுதாவளை அக்காட கத்தரி இப்ப காய் தொங்குது, நான் இண்டைக்கு நாலு கிலோ எடுத்தன், என்ர ஒரு பாத்தியில மட்டும். ரெண்டு மூணு செடியில குருத்து வாடித் தொங்கிச்சு, ஐயா போன்ல சொன்ன மாதிரி வாடின குருத்தை வெட்டி எரிச்சம், உள்ளுக்குப் புழு இருந்த, இப்ப குறைவு. பயித்தை எண்டா சொல்லத் தேவையில்ல, குடுத்து முடியல்ல. பொருளாளர் நேத்து வந்து ஒரு மணித்தியாலம் பாகல் பந்தலுக்குக் கீழ கதிரை போட்டு பேப்பர் வாசிச்சிட்டுப் போறார்.

சண்டையும் இல்லாமலில்ல. பொதுப் பாத்தி வெண்டி ரெண்டு தரம் காணாமப் போச்சு. ஆரு எண்டு எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் சொல்லல்ல, அந்த வீட்டுல மூணு பிள்ளையள், தகப்பன் இல்ல. கூட்டத்துல பேசாமலே காலியாக் கிடந்த 11ஆம் பாத்தியை அவங்கட பேருல எழுதிட்டம். அண்டைக்குப் புறகு வெண்டி போகல்ல.

ரெண்டு குடும்பம் விட்டுட்டுப் போயிட்டு. நானா சொன்ன நாப்பது மூணாகின கதையோட பாத்தா பறவாயில்ல எண்டு நினைக்கிறன்.

நாவலடி அக்கா தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் வந்தா. முருங்கைத் தடி அவவே கொண்டு வந்தா, பெரியம்மாட மரத்துல முந்தி முறிச்சு நட்ட மரத்தின்ர தடியாம், இப்ப இருக்கிற வீட்டு வளவுல நிக்குதாம். ஊண்டிட்டு கிணத்தடிக் கல்லுல கொஞ்ச நேரம் இருந்தா. தேத்தண்ணி குடுத்தம். துளிர்த்திட்டு.


நிந்தவூரான்
2025 பெப்ரவரி 24, காலை 6:30

மாஷா அல்லாஹ். நோன்பு வருது, பொதுப் பாத்தியோரம் ரம்பையும் கறிவேப்பிலையும் வைங்க, உங்கட பக்கத்துச் சனமும் கேட்டு வரும். நாங்களும் திரும்பத் துவங்கலாமா எண்டு பேசுறம், இந்த முறை பதினஞ்சு பேருக்கு மேல சேக்கிறல்ல.


கல்லடிப்பூவரசு
2025 மே 11, இரவு 8:25

கச்சான் துவங்கிட்டு. பின்னேரம் நாலு மணிக்குப் பாத்தா இலையெல்லாம் சுருண்டு போய் நிக்குது. மேட்டுப்பாத்தி எல்லாத்தையும் வெட்டிக் குழிப்பாத்தியாக்கிட்டம், முதுகு முறியும் எண்டு அக்கா சொன்னது பொய்யில்ல. 18ல ஒன்பது பாத்திக்கு மட்டும்தான் இந்தக் கோடைக்குத் தண்ணி, மத்ததுக்கு வெட்டின புல்லும் தென்னோலையும் போட்டு மூடியாச்சு. ஐயாட கணக்குப்படி 33 பூவாளி. தண்ணி முறை: திங்கள் நான், செவ்வாய் மாமி, வியாழன் 7ஆம் பாத்தி, வெள்ளி பொருளாளர் (ஓம் அவரேதான்), சனி ஞாயிறு கிரிக்கெட் பொடியன்மார். புதன் ஆளில்ல. மற்றது சிவப்பு நிறப் பூவாளி ஒண்டு காணல்ல, எடுத்த ஆக்கள் கிணத்தடியில கொண்டு வந்து வைங்க, ஒண்டும் கேக்க மாட்டன்.


கச்சான்காத்து
2025 மே 11, இரவு 8:41

புதனுக்கு என்னைப் போடு. வெள்ளாப்புல எழும்பேலாது, பின்னேரம் ஆறு மணிக்குப் புறகு வந்து ஊத்துறன், திறப்பை மாமிட்ட குடுத்து வை. பூவாளி எங்கட வீட்டுல கிடக்கு, மனுசி துளசிக்கு ஊத்த எடுத்துவந்தவ.